பார்ஷியலி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

லீவு கிடைத்துவிட்டது என்று போனில் குதித்தேன் அல்லவா? கம்பெனி கொடுத்த கடிதத்தில் ‘பார்ஷியலி அப்ரூவ்ட்’ என்றிருந்தது. முதல் சொல்லை ஏதோ மரியாதை வார்த்தை என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்று எங்கள் லாண்டரி சூப்பர்வைசர், நம்ம ஆள்தான், விழுந்து விழுந்து சிரித்தார்.

“அரைகுறையான்னு அர்த்தம்யா! முப்பது நாள் கேட்டே, மூணு நாள் தந்திருக்காங்க.”

போக வரவே மூன்று நாள் ஆகும். தூ! எவனெவனோ வாந்தியெடுத்த விரிப்பையெல்லாம் முழுசாகத்தானே துவைக்கிறேன்?

நீ வருத்தப்படாதே. பாப்பாவிடம் பக்குவமாகச் சொல். நகவெட்டி ஒன்று அனுப்பு. கூடவே உன் தலையணை உறையும். அதைத் துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு வண்டி ஹாரன் அடிக்கிறது.

பாப்பாவின் அப்பா