களத்துக்கு வெளியே நின்றவளுக்கு

கோபத்தோடும் அதைவிடக் கூடுதலான பாசத்தோடும், அம்மாவுக்கு,

நீ போய் இது மூன்றாவது அறுவடை. லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடையோரம் அப்பா இருந்தபோது வெட்டித் திருத்திய இரண்டு துண்டு வயலும் இந்த முறை நன்றாகவே விளைந்தன. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, பின்னேரங்களில் நான்தான் கதிர் அறுத்தேன். நான்தான் கட்டுகளைச் சுமந்து களத்தோரம் அடுக்கினேன். அதோடு என் வேலை முடிந்ததாம்!

"கதிரடிக்கிறது ஆம்பளைங்க வேலைம்மா. பொம்பள காலு பட்டா பொலி தங்காது, வெளைச்சல் கொறைஞ்சிரும்" என்றார் சித்தப்பா. அவருக்கோ இடுப்பு வலி, நிமிரவே முடியாது. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம வந்துர்றேன்க்கா. நீங்க களத்துல எறங்கிறாதீங்க" என்கிறான் அவன். நாற்று நட்டது யாருடைய கால்? இந்தக் காலோடு நின்று நான் பொங்கிப் போடும் சோறு மட்டும் இவர்களுக்கு எப்படி இறங்குகிறது?

வலப்பனைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா காய்ச்சலில் படுத்த வருஷம் ஞாபகம் வந்தது. ஆம்பளை ஆள் வரட்டும் என்று நீ களத்துக்கு வெளியே முக்காடு போட்டு நின்றாய். மூன்று நாள் மழை. கட்டுக்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. அதைக் காயவைத்துக் குத்தி, புளித்த வாடையடித்த கஞ்சியை எங்களுக்கு ஊற்றினாய். உன்னை யாராவது கட்டியா வைத்திருந்தார்கள்? ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"அடியே, சொல்லச் சொல்லக் கேக்காம!" என்று சித்தப்பா கத்தினார்.

"நாசமாப் போறதா இருந்தா என் கையாலயே போகட்டும் சித்தப்பா. நீங்க தார்ப்பாயப் புடிங்க."

கடைசிக் கதிர்க்கட்டையும் அடித்து நெல்லை மூடும்போதுதான் முதல் தூறல் விழுந்தது. தோள் இரண்டும் கழன்றுவிட்டது போல வலி.

பொலி தங்கியதா என்று கேட்கிறாயா? சாக்கு போதவில்லை அம்மா. கொழுந்தெடுக்கப் போகையில் நீ இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குத் துணியையும் மடித்துத் தைத்து நெல் கட்டினேன். புதுநெல் பொங்கிய அன்று சித்தப்பா மறுசோறு கேட்டு வாங்கினார்.

உன் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உன் படத்துக்கு முன்னால் ஒரு கவளம் வைத்திருக்கிறேன். வாடையடிக்காது, சாப்பிடு. அடுத்த அறுவடைக்கு எந்த ஆம்பளைக்காகவும் காத்திருக்க மாட்டேன். முதல் கட்டைக் களத்து நடுவில் நின்று, உன் பேரைச் சொல்லித்தான் அடிப்பேன்.

உன்னைப் போல வாய்மூடி நிற்கத் தெரியாமல் பிறந்த
மூத்த மகள்