தாடி இருக்கட்டும்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஷாலினி அக்காவுக்கு,

தம்பி சுடலைக்கண்ணன் எழுதுவது. நீ, மச்சான், குட்டிப்பயல் எல்லாரும் நலம்தானே? நம் பத்துக்குப் பத்து அறையில் அப்பா காதில் விழாமல் போன் பேச வழியில்லை. வெளியிலிருந்து பேசினாலோ மெசேஜ் போட்டாலோ, முழுசாகக் கேட்காமல் உடனே அவரைக் கூப்பிட்டுவிடுவாய். அதனால் மஸ்கட் வரும் பிரம்மநாயகம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் தாடி உனக்காக நேர்ந்துகொண்டதல்ல.

ஒன்றரை வருஷமாக அவருடைய வலது கன்னத்தில் கரண்ட் அடிப்பதுபோல வலி. பிளேடு பட்டால் சுருண்டு விழுகிறார். அதனால்தான் சவரத்தை விட்டார். நீ மாசமாக இருந்தபோது வீடியோவில் தாடியைப் பார்த்துக் கேட்டாய். உன்னைப் பயமுறுத்தக் கூடாதென்று அவர் முழித்தார். எதிர்வீட்டு இசக்கி அத்தை பின்னாலிருந்து, “ஏட்டி, ஒனக்காவத்தான் திருச்செந்தூர் முருகனுக்கு நேந்திருக்காவ” என்று கத்தினாள். நீ அழுதாய். அவரும் தலையாட்டிவிட்டார். இப்போது வலியில் பேச்சைக் குறைத்தால் மௌன விரதம், மெல்ல முடியாமல் கஞ்சி குடித்தால் ஒருபொழுது என்கிறது தெரு. ஏழைக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்க ஆளில்லை, கும்பிட ஆள் இருக்கிறது.

பல் டாக்டர் ஒருவர் நல்ல பல் மூன்றைப் பிடுங்கினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில்தான் இது முகநரம்பு என்றார்கள். மாத்திரைக்கு இப்போது வலி கேட்பதில்லை. தலைசுற்றித் தையல் மெஷின் மேலேயே சாய்கிறார். இனி ஆபரேஷன்தானாம். காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி, இடையில் பஞ்சுபோல ஒன்றை வைப்பது ஒரு வழி. நீண்ட நாள் தாங்கும், ஆனால் சிலருக்குக் காது போகலாம். இல்லையென்றால் கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சுடுவது. சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். கன்னம் மரத்துப்போகும், சில வருஷத்தில் வலி திரும்பவும் வரலாம்.

டாக்டர் இதை வேகமான இந்தியில் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூரியர் மூட்டை தூக்குகிற நான், மண்டையைத் திறப்பதா நரம்பைச் சுடுவதா என்று யோசிக்க வேண்டும்! யூடியூபில் ஒருவன் பிழைத்தேன் என்கிறான், இன்னொருவன் கெட்டேன் என்கிறான். காலையில் திறப்பதுதான் சரி என்று படுகிறது. சாயங்காலம் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குக் குழப்பமே இல்லை. “ஊசியே போதும்ல. தையில அவ வந்துருவால்லா” என்கிறார். பிள்ளைக்கு மொட்டையும் தாத்தாவுக்குத் தாடி இறக்குவதும் ஒரே நாளில் என்று நீ டிக்கெட் போட்டுவிட்டாய். வலது கன்னம் மரத்துப்போனால் சவரக்கத்தியைத் தாங்கிவிடலாம் என்று நினைக்கிறார். ஆனாலும் டாக்டரிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: மரத்த பிறகு பிள்ளை முத்தம் கொடுத்தால் தெரியுமா? சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எது சரியென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு சவரத்துக்காக அதை முடிவு செய்யக் கூடாது என்பது மட்டும் தெரியும். அக்கா, நீயாக நினைத்ததுபோல அவரைக் கூப்பிட்டு, தாடி நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், முருகன் பொறுத்துக்கொள்வான் என்று சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

தையில் வந்ததும் பிள்ளையை அவருடைய இடது தோளில் போடு.

உன் தம்பி,
சுடலைக்கண்ணன்