நிறுத்தக் கூடாத குழாய்

மாமல்லபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்வாதியின் நமஸ்காரம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா இப்போதாவது மத்தியானம் கொஞ்சம் படுக்கிறாளா?

போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். கடல் அரித்த கரையை நிரப்ப, மணலைத் தண்ணீரில் கலந்து இரும்புக் குழாயில் கொண்டுவருகிறோம் அல்லவா? வியாழக்கிழமை அதன் அடிப்பக்கம் தேய்ந்து, ஓட்டை விழுந்து பீச்சியடித்தது. நம் வீட்டுத் தொட்டி வழிந்தால் நீங்கள் மோட்டாரை அணைக்க ஓடுவீர்களே, அதே பழக்கத்தில் நானும் பம்ப் சுவிட்சுக்கு ஓடினேன்.

"ஐயோ மேடம், நிறுத்தாதீங்க! நின்னா மணலு உள்ளயே குந்திக்கும். அப்பால பைப்பு மொத்தத்தையும் கழட்டி நோண்டிகினு கெடக்கணும்!" என்று கத்தினார் எங்கள் ஃபிட்டர் முபஷ்ஷிர்.

படித்ததுதான், கைக்கு மறந்துவிட்டது. மணல் படியாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து, உள்ளே ரப்பர் ஒட்டிய இரண்டு இரும்பு அரைவளையங்களைக் குழாயைச் சுற்றிப் பொருத்தி முடுக்கினோம். ஒழுக்கு நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. எனக்குத் தலை நிறைய மணல், அவ்வளவுதான்.

பிறகு ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மேல்பக்கம் வெறும் தண்ணீர். அடியில் அரிசி களைகிற சத்தம்! கனமான மணல் அடியிலேயே உருண்டு போவதால்தான் அங்கே மட்டும் தேய்கிறது. இப்போது குழாய் போகிற வழியெல்லாம் இப்படிக் காதை வைத்துப் பார்க்கிறேன்.

சீயக்காய்ப் பொடி அனுப்புங்கள். அப்புறம், நான் போனில் கூப்பிட்டதும் டிவியை அணைத்துவிடுகிறீர்கள். இனி அணைக்க வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும், குக்கர் விசிலும் எனக்குக் கேட்கட்டும்.

வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

ஸ்வாதி