பாறையின் மேல் போட்ட பழி

இன்று காலை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வெள்ளையாகச் செதில் பெயர்ந்து வந்தது. நீ இருந்திருந்தால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது மலை கொடுத்த சுண்ணாம்பு, ஆலை கொடுத்த உப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருப்பாய். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று உன்னிடம் எத்தனையோ வருஷம் கத்தியிருக்கிறேன். நீ கேட்டதே இல்லை. இன்று கத்த ஆளில்லாமல் நானே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். கரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் செய்துவிட்டு வந்ததை முதலில் உனக்குத்தானே சொல்ல வேண்டும்.

கல்லூரியில் நான் வேதியியல் ஆய்வக உதவியாளர், நீ தாவரவியல் ஆய்வக உதவியாளர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் சண்டையும் திறந்துகொள்ளும். ஆற்றுத் தண்ணீரின் குணத்தைத் தீர்மானிப்பது பாறை என்பது என் கட்சி. செடிகொடி என்பது உன் கட்சி. வெறும் கருங்கல்லின் மேல் விழுந்து ஓடுகிற மழை மழையாகவேதான் ஓடும் என்பாய். மண்ணுக்குள் வேர்கள் மூச்சு விடுகின்றன, அந்த மூச்சு கரைந்துதான் தண்ணீருக்கு லேசான புளிப்பு ஏறுகிறது, புளிப்பு ஏறிய தண்ணீர்தான் கல்லைக் கரைக்கிறது என்பாய்.

"மழத்தண்ணிக்குப் பல்லே கெடையாதுடி. வேருதான் அதுக்குப் பல்லுக் கட்டி விடுது" என்று ஒருநாள் சொன்னாய், உன் வெஞ்சனத்தில் பாதியை என் பக்கம் தள்ளிக்கொண்டே. அதற்காக ஒத்துக்கொள்கிற ஆளா நான்? வெஞ்சனத்தை மட்டும் தின்றேன்.

இன்னொரு நாள் வைக்கோலை எரித்துச் சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாய். பொடிப்பொடியாகக் கண்ணாடித் துணுக்குகள். கல்லிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவை நெல்லும் புல்லும் மூங்கிலும் குடித்து உடம்பில் இப்படிச் சேர்த்துவைக்கும், மக்கும்போது தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும் என்றாய். வைக்கோல் ஏன் கையை அறுக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதெல்லாம் சோற்று நேரத்துச் சண்டையாகவே போயிருக்கலாம். ஆனால் வேடசந்தூர்ப் பக்கம், குடகனாற்றங்கரையில் இருக்கும் உங்கள் ஊரின் கிணறுகள் கரிக்கத் தொடங்கின. ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு தோல் ஆலை. தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி அடுக்குவார்கள் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஆலைக்காக வந்த நிபுணர் மிக மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்: உங்கள் பக்கத்துப் பாறையே அப்படி, தண்ணீர் இயற்கையாகவே கரிக்கிறது. பாறைக்கு வாயில்லை, எதிர்த்துப் பேசாது. பழி போட அதைவிட வசதியான ஆள் யாருக்குக் கிடைக்கும்?

உனக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். பாறைக்காகக் கோபப்பட்ட தாவரவியல்காரி உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நம் கணக்கு எளிமையானது. பாறை கரைந்து சோடியம் வந்தால் அது தனியாக வராது, பைகார்பனேட்டையும் சிலிக்காவையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். குளோரைடை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் அது யாரோ கொட்டிய உப்பு. நம் பக்கத்துக் கல்லில் குளோரைடு இருப்பதே அபூர்வம். ஆகவே மலையடிவாரத்திலிருந்து உங்கள் ஊர்வரை ஆறு என்னென்ன சுமந்து வருகிறது என்று வழிநெடுகப் பார்த்துவிட்டால் போதும்.

குடகனாறு ஓடுவதே ஐப்பசி மழைக்குப் பிறகு சில வாரம்தான். ஆத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைத் தண்ணீரில் மூன்று தடவை அலசி முதல் புட்டியை நிரப்பினோம். பிறகு ஒவ்வொரு பாலமாக இறங்கி ஏறி உங்கள் ஊர்வரை வந்தோம். புட்டிகள் என் பொறுப்பு. பிளாஸ்டிக் போத்தலில் பிடித்தால் ஊர் சிரிக்கும் என்று ஆய்வகத்தின் நல்ல கண்ணாடிப் புட்டிகளை எடுத்து வந்திருந்தேன். குளோரைடை அந்த வாரமே பார்த்தேன். சிலிக்காவைப் பார்ப்பதற்குள் செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. புட்டிகள் இரண்டு மாதம் அலமாரியில் நின்றன.

முடிவை ஊர்க் கூட்டத்தில் நீதான் வாசித்தாய். நிபுணர் தாளைக் கேட்டு வாங்கினார். குளோரைடு வரியைத் தாண்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். சிலிக்கா இவ்வளவு இருக்கிறதே, பாறை கரைகிறது என்று உங்கள் ஊர்ப் பெண்ணே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாரே என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. எதிராளிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று உன் ஊர் உன்னைப் பேசியது. உன் நாத்தனார் ஒரு மாதம் உன்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அதே மாதிரிப் புட்டியில் அதே நாளிலிருந்து கிடந்த காய்ச்சி வடித்த நீரைச் சோதித்தேன். சிலிக்கா துளிகூட இருக்கக் கூடாத நீர். அதிலும் சிலிக்கா இருந்தால் வரும் மஞ்சள் நிறம் ஏறியது. கண்ணாடி கரைந்திருக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் தலை நரைத்தவளுக்கு இது தெரியாமல் போனது. ஓடி வந்து உன்னிடம் சொன்னபோது நீ என்னைத் திட்டவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாய்.

"கண்ணாடியும் மணலுதானடி. தண்ணிய ஊத்தி வச்சா சும்மாவா இருக்கும்?" என்றாய்.

ஊருக்கு வந்து தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். நீ விடவில்லை. எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகிற நேரம். ஆய்வகப் பொருளை வெளி வேலைக்கு எடுத்துப் போனது தெரிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாய். கவனக்குறைவு உன்னுடையதுதான் என்று ஊரில் நீயே சொல்லிவிட்டாய். நானும் சும்மா இருந்தேன். வேலை நிரந்தரமானது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த மழைக்குப் பிளாஸ்டிக் போத்தல்களுடன் மறுபடி இறங்கினோம். நீ அடிக்கடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். செத்த நேரம் உட்காரு என்றால் ஆறு வற்றிவிடும் என்றாய். நான் சோதனையை முடிப்பதற்குள் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த முடிவை நீ பார்க்கவே இல்லை. இப்போது கேள்.

காட்டு ஓடையில் பைகார்பனேட்டும் சிலிக்காவும் கைகோத்து நின்றன, குளோரைடு பேருக்குத்தான் இருந்தது. வயல்வெளியைத் தாண்டியதும் சிலிக்கா கொஞ்சம் இறங்கியது. உன் நெல்லும் புல்லும் குடித்திருக்கின்றன. நம் சண்டையில் நீ ஜெயித்தாய், எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன், வைத்துக்கொள். ஆலையைத் தாண்டியதும் சிலிக்காவும் பைகார்பனேட்டும் அசையவில்லை, குளோரைடு மட்டும் எகிறியது. சந்தேகப்பட்டு மூன்று தடவை செய்தேன். குளோரைடைப் பார்க்க ஊற்றும் வெள்ளி நைட்ரேட் பட்டு விரல்கள் இன்னும் கறுத்துக் கிடக்கின்றன.

நேற்று அதே ஆலையைப் பெரிதாக்குவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம், உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில். போக வேண்டாம், போனாலும் கல்லூரியை இழுக்க வேண்டாம் என்று துறைத் தலைவர் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொன்னார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அதே நிபுணர், அதே பாறைக் கதை. இந்த முறை ஆதாரமாக நம்முடைய பழைய தாளையே எடுத்து வாசித்தார்.

எழுந்தேன். அந்தத் தாளில் இருக்கும் சிலிக்கா ஆற்றினுடையது இல்லை, புட்டியினுடையது, அந்தப் புட்டிகளைக் கல்லூரியிலிருந்து எடுத்து வந்தது நான், இரண்டு மாதம் போட்டு வைத்ததும் நான், இறந்துபோனவளுக்கும் அந்தத் தப்புக்கும் சம்பந்தமில்லை என்றேன். பிறகு புதிய முடிவை வரிவரியாக வாசித்தேன்.

ஒருமுறை தவறு செய்தவர் இரண்டாம் முறை செய்யமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நிபுணர் கேட்டார். சரியான கேள்விதான்.

"என்னய நம்ப வேண்டாம் சார். ஆத்துல தண்ணி ஓடுது. இப்பவே வாங்க. ஆலைக்கு மேல ஒரு பாட்டிலு, கீழ ஒரு பாட்டிலு, நீங்களே மொண்டு நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். கூட்டத்தை நடத்திய அதிகாரி நான் சொன்னதையெல்லாம் குறிப்பில் எழுதச் சொன்னார். என் பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் கேட்டார். இரண்டையும் உரக்கச் சொன்னேன்.

வெளியே உன் நாத்தனார் நின்றிருந்தாள். என் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டு நாளும் அவளயில்ல பேசுனோம்" என்றாள். பிறகு, "நீ ஏன் அன்னைக்கே வரல?" என்று கேட்டாள்.

பயந்துகொண்டு வரவில்லை என்று சொன்னேன். நீ தடுத்தாய் என்று சொல்லி உன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அவள் சமாதானம் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆலைக்கு அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும். திங்கட்கிழமை துறைத் தலைவர் கூப்பிடுவார், அநேகமாக விளக்கம் கேட்டு ஒரு தாளை நீட்டுவார். நீட்டட்டும். புட்டி எடுத்துப் போனது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ஆறு ஓடுகிற வரைக்கும் ஆலைக்கு மேலும் கீழும் தண்ணீர் மொள்ளப் போவேன், வேலை இருந்தாலும் போவேன், இல்லாவிட்டாலும் போவேன்.

எனக்காக நீ சுமந்ததை உன்னிடமிருந்து இறக்கிவிட்டேன். அந்தத் தப்பு இனி என் பெயரில்தான் இருக்கும். உங்கள் ஊர் வழியாக அதைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு வெட்கமில்லை.