குறடைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள பையனின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். அந்தப் பதிலை நானே எழுதிக்கொள்வேன். போனில் பேசலாம் என்றால், உங்களுக்குப் பிடித்த பேச்சு வரைக்கும் லைன் நன்றாகக் கேட்கிறது. நான் ஆபரேஷன் என்று வாயெடுத்தால் மட்டும் "சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். கண்ணாடியைக் காணோம் என்று நீங்கள் சாக்குச் சொன்னால் உரக்கப் படித்துக் காட்டும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் எதிரில் மானம் போகக் கூடாது என்றால் நீங்களே படித்துவிடுங்கள்.

பையனின் நண்பர் வந்து, உங்கள் பழைய துண்டில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்தார். கையில் வாங்கியதும் கனமே சொல்லிவிட்டது, ஈயத்தில் உங்கள் எழுத்தை அழுத்துகிற சீல் குறடு என்று. பையன் வீட்டுக்கு நீங்கள் புறப்பட்ட அன்று மாத்திரைச் சீட்டை மறந்தீர்கள், சட்டைகளை மறந்தீர்கள், குறடை மட்டும் மறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். "நான் திரும்பி வர்ற வரைக்கும் எதுக்கும் சீல் கிடையாது, சொல்லிட்டேன்" என்று வாசலில் நின்று உத்தரவு வேறு. அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அதே குறடு ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல் வந்து நிற்கிறது. என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நண்பரைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னாருங்கம்மா" என்றார்.

அந்த "இனிமே"க்குப் பிறகு வருகிறேன். முதலில் வேலை விஷயம்.

நீரேற்று நிலையத்தில் ஆண்டுச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். மருமகள் படிக்க நேர்ந்தால் அவளுக்கும் விளங்கட்டும்: ஒவ்வொரு பம்ப் மோட்டாருக்கும் ஒரு ரிலே உண்டம்மா. மோட்டாருக்குப் போகிற மின்சாரம் அளவு மீறினால், மோட்டார் கருகுவதற்குள் இணைப்பை அறுத்துவிடுவது அதன் வேலை. வருடம் முழுக்கச் சும்மா இருக்கும். கூப்பிட்ட ஒரு நாள் எழுந்திருக்காவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் நாங்கள் போய், அளவுக்கு மேல் மின்சாரத்தை வேண்டுமென்றே கொடுத்து, உள்ளே இருக்கும் தட்டு சுழல்கிறதா, சொன்ன நேரத்தில் போய்த் தொடுகிறதா என்று பார்ப்போம். தாமதமானால் சரிசெய்வோம். அதிலும் ஒரு விஷயம், தாமதம்தான் தப்பு என்று இல்லை. நேரத்துக்கு முன்னால் அறுத்துவிடுகிற ரிலேயும் கெட்ட ரிலேதான். இதை உன் மாமனார் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளட்டும்.

வாசலிலேயே பம்ப் ஆபரேட்டர் பிடித்துக்கொண்டார், நீங்கள் லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தவர். மோட்டார் சத்தத்துக்குள்ளேயே கத்திக் கத்திப் பழகினவர், மோட்டார் நின்றாலும் குறைக்க மாட்டார். "என்னம்மா, ஐயா வரலையா? நீங்க மட்டுமா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "ஏன், நான் தொட்டா கரண்டு கோவிச்சுக்குமா?" என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். பிறகு, அவர் வரையில் ரகசியக் குரலில், "ஐயாவுக்கு நெஞ்சு எப்படிம்மா?" என்றார். பக்கத்து அறையிலிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

கடைசி பம்பின் ரிலே சோம்பியது. தட்டு பாதி சுற்றுக்கு அழகாக வந்து, அங்கே ஏதோ யோசனை வந்தது போல் நின்று, பிறகு நகர்ந்தது. நீங்களாக இருந்தால் உடனே தட்டு சுழல்கிற காந்த இடுக்குக்குள் வாயை வைத்து "உஃப் உஃப்" என்று ஊதியிருப்பீர்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், எச்சில் பட்டால் துருப்பிடிக்கும் என்று. நான் ஊதவில்லை. ஒட்டுகிற டேப்பை நறுக்கி இடுக்கில் மெதுவாக விட்டு எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி மின்சாரம் கொடுத்தேன். நேரம் சரியாக வந்தது. ஆனாலும் அந்த அறையில் யாரும் ஊதாமல் ஒரு ரிலே சரியானது எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மூடிகளை எல்லாம் போட்டு முடித்ததும் பொறியாளர் வந்தார். புதியவர், மரியாதையான மனிதர். "வேலை நல்லா இருக்கும்மா. சீல் எங்க? சீல் இல்லாத ரிலேயை நம்பி நான் பம்பை ஓட்ட முடியாதே. நாளைக்கு எவனாவது திறந்து திருகிவிட்டா யாரைக் கேக்கறது?" என்றார். நாளைக்குள் ஆகாவிட்டால் வேறு ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

உங்கள் குறடு அப்போது என் பையில்தான் இருந்தது. எடுத்து அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? லவுட்ஸ்பீக்கர்கூட, "அதான் ஐயா குறடு வந்துடுச்சுன்னு சொன்னீங்களே, அடிச்சுட்டுப் போங்கம்மா" என்றார். நான் அடிக்கவில்லை. ஈயத்தில் உங்கள் எழுத்து இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? இந்தத் தட்டு சுழன்றதை நான் கண்ணால் பார்த்தேன் என்று அர்த்தம். நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? மகன் வீட்டுக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தது நான்.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு நிறுத்திவிட்டவள் நான். செத்துப்போன ரிலே ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, அகராதியை ஒரு பக்கமும் கம்பெனிப் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு நானாகக் கற்றது இந்த வேலை. நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தீர்கள். பிறகு போகிற இடமெல்லாம் "நம்ம வீட்டம்மா, கூடமாட ஒத்தாசைக்கு" என்று அறிமுகம். ஒத்தாசைக்காரி பார்த்த வேலைக்கு உங்கள் எழுத்து. கேட்டால், எல்லாம் ஒரே வீட்டு வேலைதானே என்பீர்கள். ஒரே வீடுதான். எழுத்து மட்டும் வேறே.

அதனால் நேரே சாவி வெட்டுகிற பூட்டுக்காரரிடம் போனேன். புதுக் குறடு ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதன் தாடையில் ஓர் எழுத்து வெட்டச் சொன்னேன். "ஐயா எழுத்துதானேம்மா?" என்றார். "இல்ல, என் எழுத்து" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த மயக்கத்திலோ என்னவோ, எழுத்தை நேராகவே வெட்டிவிட்டார். ஈயத்தில் அழுத்திப் பார்த்தால் கண்ணாடிக்குள் பார்ப்பது போலத் திரும்பி விழுந்தது. "முதல் தடவையா ஒரு பொம்பளை எழுத்து கேட்டீங்களா, கை தடுமாறிடுச்சு" என்று வழிந்தார். "கைதானே, தடுமாறலாம். திருப்பி வெட்டுங்க" என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். மறு தடவை சரியாக விழுந்தது.

மறுநாள் பொறியாளர் எதிரில், எல்லா ரிலேக்களையும் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு, கம்பி கோத்து அழுத்தினேன். அவர் ஈயத்தைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தார். "இது யாரோட எழுத்தும்மா?" "என்னோடதுங்க." மேலதிகாரிக்கு போன் போட்டு வெளியே நடந்துகொண்டே பேசினார். திரும்பி வந்து, "சோதனை அறிக்கையிலும் இதே பேரைப் போட்டுடுங்கம்மா, ரெண்டும் ஒத்துப்போகணும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்கும் நாம்தான். நாம் என்று எழுதியதைக் கவனித்தீர்களா?

இப்போது உங்கள் "இனிமே".

பையன் போனில் எல்லாம் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் பிடுங்கி எடுத்தேன். டாக்டர் ஆபரேஷன் செய்தால் தேறலாம் என்கிறாராம். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்களாம். "அவளுக்கு வேலை தெரியும். குறடையும் கொடுத்தாச்சு. எனக்குன்னு இனி என்ன பாக்கி இருக்கு?" என்றீர்களாம். அதை அந்தப் பிள்ளையிடமே சொன்னீர்களாம். பெற்றவன் பேசுகிற பேச்சா அது? எந்த அளவு மீறிப்போயிற்று என்று இப்படி முந்திக்கொண்டு அறுக்கப் பார்க்கிறீர்கள்? டாக்டர் இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். நேரத்தை வைக்கிறவர் அவர், நீங்கள் இல்லை. உங்கள் கைக்கு இப்படி ஒரு ரிலே வந்தால் சீல் அடிப்பீர்களா? கழற்றி மேஜையில் போட்டு நாள் முழுக்க அதன் உயிரை எடுக்க மாட்டீர்களா?

வேலையைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தீர்கள். சரி. நீங்கள் இல்லாமல் வேலை நடக்கும். நடத்திக் காட்டிவிட்டேன். இதில் எனக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது. வேலை கெடுகிறது, வந்து சேருங்கள் என்று இனி உங்களைக் கூப்பிட முடியாது. வேறு காரணமும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. காரணமே இல்லாமல்தான் கூப்பிடுகிறேன். வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, நான் செய்கிற எல்லாவற்றையும் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

நண்பர் நாளை திரும்புகிறார். இந்தக் கடிதத்தோடு உங்கள் குறடையும் கொடுத்தனுப்புகிறேன். அது உங்கள் கண்ணோடு சேர்ந்தது, என்னிடம் அதற்கு வேலையில்லை. எண்ணெய் போட்டிருக்கிறேன். துண்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், துவைக்காமல்.

நீங்கள் கையெழுத்துப் போட்டாயிற்று என்று பையன் சொல்கிற அன்றே ரயில் ஏறுவேன். அதற்கு முன்னால் ஏற மாட்டேன். உங்களுக்கு என்னைத் தெரியும். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே கொண்டு வரும்போது கதவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பேன், வேறெங்கும் தேட வேண்டாம். பெட்டியைக் கட்டி நடையில் வைத்துவிட்டேன். போகும்போதும் வரும்போதும் காலில் இடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள். கால் வலிக்கிறது.

இப்படிக்கு,
கோபம் தீராத,
உங்கள் மனைவி