பச்சை ரிப்பன் டப்பா

மைனி,

உங்கள் பழைய நைட்டியை வெட்டி நீங்களே தைத்துப் போட்ட உறை இன்னும் அந்த ஓவன் மேல்தான் கிடந்தது. டிசம்பர் பிறந்ததும் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு அதை உருவினேன். கதவைத் திறந்தால் போன கிறிஸ்மஸின் வெண்ணெய் வாசம் இன்னும் காலி பண்ணாமல் உள்ளேயே குடியிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள், கையிலிருந்த உறையைப் பார்த்தாள். "என்னலே செய்யுத?" என்று கேட்டாள். பிஸ்கட் போடப் போகிறேன் என்றேன். அம்மா மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சபை வாலிபர் பார்ட்டிக்கு நீங்கள் சுட்டு வைத்திருந்த ஜாம் பிஸ்கட்டுகளில், சிலவற்றில் மட்டும் ஜாமை வழித்துவிட்டுத் தக்காளித் தொக்கு வைத்தவன் யார் என்று ஊருக்கே தெரியும். சபையில் பாட்டு நடத்துகிறவர் அதைக் கடித்துவிட்டு எடுத்த சுருதியை அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. அன்றோடு நீங்கள் அடுக்களைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டீர்கள். "கொழுந்தனாரே, ஒமக்கு இனி இங்கன விசா கிடையாது" என்றீர்கள். அதன் பிறகு உங்கள் பிஸ்கட் வேலை முழுவதையும் நான் பின்பக்க ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதி நேரம் உங்கள் முதுகுதான் தெரியும்.

விசா இல்லாதவன் ஏன் இந்த வருஷம் எல்லை தாண்டினேன் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் காரணம். கார்த்திகை பிறந்ததும் வழக்கம்போல மாலை போட்டுவிட்டார். லோடு ஆட்டோவைப் பாவூர்சத்திரம் சந்தைக்கு எடுப்பதற்கு முன் இருட்டோடு போய் அருவியில் குளித்துவிட்டு வருகிறார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம். நாம் அவரைச் சாமி என்கிறோம், அவரும் என்னைச் சாமி என்கிறார். வருஷம் பூராவும் 'ஏலே'யாக இருக்கிற எனக்குச் சபரிமலை சீசனில் மட்டும் கிடைக்கிற பதவி உயர்வு. அவர் ஒரு நாள் வாசலில் நின்று, பேச்சுவாக்கில், "இந்த வருஷம் பச்சை ரிப்பன் வராது, என்ன சாமி?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பைக் துடைத்துக்கொண்டிருந்த என் அண்ணன் துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். ஆடிச் சாரல் சமயத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் இப்படித்தான். உங்கள் பேச்சு வந்தால் அவன் அறைக்குள் போய்விடுவான்.

பச்சை ரிப்பனின் சட்டதிட்டம் தெருவுக்கே தெரியும். சிவப்பு ரிப்பன் கட்டிய டப்பாக்கள் நம் வீட்டுக்கும் சபைக்கும் சொந்தக்காரர்களுக்கும். அதில் முட்டை உண்டு. பச்சை ரிப்பன் கட்டிய ஒன்றே ஒன்று சாமி வீட்டுக்கு. அதில் முட்டை கிடையாது. மாலை போட்டுவிட்டால் வேறு எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், உங்கள் கையால் வந்த டப்பாவை மட்டும் பிரித்துச் சாப்பிட்டார். கேள்வி கேட்கவில்லை. நீங்கள் சொன்னீர்கள், அவர் சாப்பிட்டார். நீங்கள் கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

நான் கேள்வி கேட்டேன், மைனி. உங்களிடம் இல்லை, எனக்குள். ஆரம்பித்தது போன கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம். நீங்கள் டப்பாவைக் கொடுக்க, சாமி அங்கேயே வாசலில் நின்று ரிப்பனைப் பிரித்தார். ஒரு பிஸ்கட் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது. என் நாக்கு சும்மா இருக்குமா? "சாமி, பொறுங்க. ரிப்பனை நான் மாத்திக் கட்டிட்டேன்" என்றேன். நான் மாற்றவே இல்லை, சும்மா ஒரு வெடி. சாமியின் கை அந்தரத்தில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. அவர் சம்சாரம், அந்த வீட்டு அக்கா, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என் காதைத் திருகி, டப்பாவைப் பிடுங்கி, உள்ளே ஓடிச் சரிபார்த்திருப்பார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "அவன் கிடக்கான். ஏன் பயப்படுதிய? ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க சாமி" என்றீர்கள். அவரும் சாப்பிட்டார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? தொக்கு வைத்த கையை நம்பியா சிரித்தீர்கள்? என்னை நம்புகிற ஆள் இல்லை நீங்கள். அப்படியென்றால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. துப்பு துலக்கத் துப்பில்லாதவன் என்று அண்ணன் என்னைச் சொல்லுவான். நான் துலக்க ஆரம்பித்தேன். அக்காவிடம் பச்சை டப்பாவிலிருந்து ஒன்று கேட்டு வாங்கினேன். நம் சிவப்பு டப்பாவிலிருந்து ஒன்றைச் சுட்டேன். மாடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தின்றேன். ஒரே ருசி, ஒரே பதம். நாக்கில் வைத்ததும் கரைகிறது. அடுத்து அடுக்களைக் குப்பை வாளியைக் கிளறினேன். முட்டை ஓடுகள், குவியலாக. கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்குகிறவனுக்கே இந்தக் கணக்கு விளங்கிவிட்டது. இரண்டு டப்பாவிலும் முட்டை. மைனி ஒரே மாவைப் பிசைந்து, ரிப்பனில் மட்டும் நிறம் காட்டுகிறாள்.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உங்களை மடக்க எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. அடுத்த டிசம்பரில் அடுக்களை விசாவுக்கு இதைத்தான் பேரம் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அடுத்த டிசம்பர் வந்துவிட்டது. பேரம் பேச ஆள் இல்லை. கையில் வைத்திருந்த பிடி இப்போது என் கையையே குத்துகிறது. ஒவ்வொரு நாளும் சாமி அருவியில் குளித்து, ஈர வேட்டியோடு சரணம் சொல்லிக்கொண்டு நம் வாசலைக் கடக்கும்போது, இந்த மனுஷன் வருஷா வருஷம் விரதத்துக்குள் முட்டை தின்றிருக்கிறாரே, அதுவும் உங்களை நம்பித் தின்றிருக்கிறாரே என்று தோன்றும். மைனி அப்படிச் செய்வாளா? செய்யமாட்டாள். பிறகு ஏன் சிரித்தாள்? இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரே வழிதான் இருந்தது. முட்டை இல்லாமல் நான் சுட்டுப் பார்ப்பது. உங்கள் பதம் வந்தால் நீங்கள் சுத்தம். வராவிட்டால்?

முதல் தட்டு ஓடு மாதிரி வந்தது. வீடு வேய்கிற ஓடு. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "முட்டை போட்டியாலே?" என்றாள். இல்லை என்றேன். "முட்டை இல்லாத பிஸ்கட்டு, ஸ்டார் கட்டாத கிறிஸ்மஸ் வீடுல்லா. ஒன் மைனி போட்ட முட்டைலதான் அந்தப் பதம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது தட்டு எடுக்கும்போதே உதிர்ந்தது. மூன்றாவது தட்டுக்கு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, முட்டையை உடைத்து ஊற்றினேன். மெத்தென்று வந்தது. நான் சுட்டது நன்றாக வந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

என்ன செய்ய? முட்டை போட்டதைச் சாமிக்குக் கொடுக்கவே மாட்டேன். தொக்கு வேறு, இது வேறு. அது எனக்கும் தெரியும். முட்டை போடாத ஓட்டுப் பிஸ்கட்டைக் கொடுத்தால், இத்தனை வருஷம் உன் மைனி கொடுத்தது மட்டும் எப்படி மெத்தென்று இருந்தது என்று அவர் ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடி போதும். உங்கள் பேர் போய்விடும். நீங்கள் வந்து பதில் சொல்லவும் முடியாது. ஓவன் ரிப்பேர், இந்த வருஷம் யாருக்குமே பிஸ்கட் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டி, உறையை எடுத்து மாட்டப் போனேன்.

அப்போது பின்வாசலில் சாமி வீட்டு அக்கா வந்து நின்றாள். கையில் மூடி போட்ட செம்பு.

"பிஸ்கட்டு வாசம் வருது, தயிர் கேட்டு மட்டும் ஆள் வரல. அதான் நானே கொண்டாந்தேன்."

எனக்குச் சந்தேகம். "தயிர் எதுக்குக்கா?"

"என்னலே இப்படிக் கேக்க? மாவுல சேக்கத்தான். வருசா வருசம் எங்க வீட்டுப் பசுந்தயிருதான அவளுக்கு. ரெண்டு கரண்டித் தயிர், ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா."

"பச்சை ரிப்பன் டப்பாவுக்கா?"

"எல்லா டப்பாவுக்கும்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற என் கண்ணில் படாதது இதுதான். டிசம்பரில் அக்கா வீட்டிலிருந்து வருகிற தயிர்ச் செம்பை, மோருக்கு வாங்குகிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். அப்படியென்றால் முட்டை, என்று இழுத்தேன். அக்கா வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவ மாவுல முட்டையே பட்டது கிடையாதுலே. சிவப்புலயும் கிடையாது. நானும்தான் கேட்டேன், எங்களுக்காவ எல்லாத்துலயும் ஏன்டி நிறுத்துதன்னு. 'அக்கா, இந்தப் பயல வீட்ல வச்சுக்கிட்டு ரெண்டு மாவு பிசைய முடியுமா? எப்ப எத மாத்துவான்னு எனக்கே தெரியாது. அவன் மாத்தினாலும் சாமிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா'ன்னா. ஒன் அம்மாட்ட மட்டும் சொல்லிரக் கூடாதுன்னு கையடிச்சு வாங்கிக்கிட்டா."

வாளியில் முட்டை ஓடு பார்த்தேனே என்றேன், விடாமல்.

"டிசம்பர் பூரா ராத்திரி ஆம்லெட்டு தின்னது யாரு, நானா?"

ஆதாரத்தைத் தேடிக் குப்பையைக் கிளறியவன், அதை வெங்காயம் போட்டு ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கிறான். இரண்டு டப்பாவும் ஒன்றுதான் என்று நான் கண்டுபிடித்தது சரி. உங்களைப் பற்றி நான் நினைத்ததுதான் தப்பு. என்னை நம்பாததால் அன்றைக்குச் சிரிக்க முடிந்திருக்கிறது உங்களால். எனக்குப் புத்தி சொல்லவில்லை, மிரட்டவில்லை. இவன் இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு, நான் எந்தக் குறும்பு செய்தாலும் யாருக்கும் கெடுதல் வராதபடி மாவைப் பிசைந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு அவநம்பிக்கையை யார் எனக்குத் தரப் போகிறார்கள் இனி?

தயிர் விட்டுப் பிசைந்த தட்டு வெந்து வந்தபோது, அம்மா அடுத்த அறையிலிருந்தே மூக்கை உறிஞ்சினாள். நான் பச்சை ரிப்பன் டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். சாமி டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உங்களிடம் ஒருநாளும் கேட்காததை என்னிடம் கேட்டார்.

"முட்டை?"

"இல்ல சாமி."

"விளையாட்டு இல்லையே?"

"இல்ல சாமி."

நாலைந்து நல்ல பதில்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றன, மைனி. ஒன்றையும் வெளியே விடவில்லை. அவர் என் முகத்தை வெகுநேரம் சோதித்தார். அக்கா கதவருகே நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தார். மீதிப் பாதியை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதையும் தின்றார்.

சிவப்பு ரிப்பன் டப்பாவை வீட்டில் இன்று காலைதான் திறந்தோம். அம்மா ஒன்றைத் தின்றாள், அடுத்ததையும் தின்றாள். அதன் பிறகுதான் விசாரணை ஆரம்பித்தது. "எத்தனை முட்டை போட்ட?" ஆறு என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கண்ணைச் சிமிட்டவில்லை. "அதானே பாத்தேன். முட்டை இல்லாம இந்தப் பதம் வருமா?" என்று டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அண்ணன் அறையிலிருந்து வந்து ஒன்றை எடுத்தான். மெள்ள மென்றான். ஆறு முட்டையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சாரலுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. அவனுக்கும் தெரியுமா, மைனி? அவனிடமும் கையடித்து வாங்கியிருக்கிறீர்களா? கேட்க முடியாது. கேட்டால் ரகசியத்தை நான் உடைத்ததாகிவிடும். ஆகையால் ஒரே டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தின்றுகொண்டு, ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஓட்டை வாயன் என்று ஊரே சொல்லுகிற என்னிடம் உங்கள் பொய் வந்து சேர்ந்திருக்கிறது. இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.