வால் பக்கம் நின்று பார்க்கவும்

என் அன்பு மாப்பிள்ளை ஆரோக்கியத்துக்கு,

நீங்கள் இருந்தவரை நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் கடிதம் எதற்கு? பேசியதும் அதிகமில்லை. சாப்பிட்டாயிற்றா, மழை வருமா, பால் வந்ததா என்ற அளவில்தான் மாமனாரும் மருமகனுமாக நாம் காலம் தள்ளினோம். உங்கள் பெயருக்கு முன்னால் ‘அன்பு’ என்று போட இரண்டு முறை யோசித்தேன். போட்டுவிட்டேன். தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

கல்லறைத் திருநாளை ஒட்டி நம் பங்கின் தமிழ் மாத இதழில், இறந்தவர்களுக்கு எழுத இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஜெசியிடமும் ரெனியிடமும் படிக்கக் கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. என் மகள் ஜெசிக்கு ஆஸ்பத்திரியில் இப்போது பகல் ஷிஃப்ட். உங்கள் மகள் ரெனி பி.யூ. இரண்டாம் வருஷம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறாள். உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள். எனக்கு ஆகஸ்டில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ரிங் ரோட்டுக்கு அப்பால் நீங்கள் மாடல் விமானம் பறக்கவிட்ட லேஅவுட்டில் மூன்று வீடுகள் எழும்பிவிட்டன. மற்ற மனைகளில் இன்னும் எல்லைக் கல்தான். அதனால் அந்தத் தார் ரோடு ஓடுபாதைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் போனபின் இந்த இரண்டு வருஷமும் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் நானும் ரெனியும் அங்கே போனோம். ஆட்டோவில் இறக்கையைத் தனியாகக் கழற்றி என் மடியில் வைத்துக்கொள்வேன். அவள் ரிமோட்டைப் பிடிப்பாள். என் வேலை உங்கள் காலத்தில் இருந்ததேதான்: வாலைப் பிடித்துக்கொள்வது, நேரம் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. நாள், காற்று, பறந்த நிமிஷம், குறிப்பு என்று நான் கோடு போட்டு வைத்த அதே நோட்டு.

பறக்கவிடுமுன் பார்க்க வேண்டியவை என்று ஒன்பது வரியில் ஒரு அட்டை தயாரித்துக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் கட்டட வரைபடம் வரைந்தவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? பிளாஸ்டிக் உறை போட்டு நீட்டியபோது நீங்கள் சிரித்தீர்கள். “மாமா, இது பிளேன். டெண்டர் இல்ல” என்றீர்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, “மாமா, படிங்க” என்று சொல்லாமல் நீங்கள் மோட்டாரை ஓடவிட்டதில்லை.

அந்த அட்டையின் நான்காவது வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். “எய்லரான் திசை. வால் பக்கம் நின்று பார்க்கவும்.” உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இறக்கைகளின் பின்விளிம்பில் அசைகிற இரண்டு பட்டைகள்தான் எய்லரான். ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பட்டை மேலே எழ வேண்டும். இடது எழுந்தால் இணைப்பு தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே பறக்கவிட்டால் விமானம் ஒரு பக்கம் சாயும். நேராக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகச் சாயும்.

செப்டம்பரில், மழைக்குப் பிறகு முதல் ஞாயிறு. நீங்கள் எட்டு மாதம் உட்கார்ந்து பால்சா மரத்தில் செய்த அந்தப் பெரிய விமானம். சிக்னல் வாங்கும் பெட்டி பழுதாகியிருந்ததால் ரெனி புதிதாக ஒன்று மாட்டியிருந்தாள். நான்காவது வரியைப் படித்தேன். அவள் குச்சியை வலது பக்கம் தள்ளி, “வலது” என்றாள். நான் பார்த்து, “சரி” என்றேன்.

விமானம் எழுந்து நான்கு விநாடி இருந்தது. இடது பக்கம் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் மூக்கு குத்தி விழுந்தது. மோட்டார் தப்பியது. இறக்கைகள் இரண்டும் போயின.

ரெனி அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். நோட்டில் குறிப்புப் பகுதியில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “கைத்தவறுன்னு எழுதுங்க தாத்தா” என்றாள். எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் ஒழுங்காகத்தான் இருந்தது.

பூசைக்கு வந்த பையன்களில் ஒருவன் அன்று அந்தப் பக்கம் கிரிக்கெட் விளையாட வந்திருக்கிறான். விழுந்ததை வீடியோ எடுத்து இளையோர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் கோயில் வாசலில், “என்ன ரெனி, போர்வெல் போட்டியாமே, தண்ணி வந்துச்சா?” என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆட்டோவில் ஏறியதும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் விட்டுவிடலாமா என்ற பேச்சு வந்தது. இது செலவு பிடித்த பொழுதுபோக்கு என்பது உங்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியதில்லை. இறக்கையை மறுபடி செய்ய மரம், மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாள், பட்டைகளை அசைக்கிற சின்ன மோட்டார்களில் உடைந்தவை, ஊதிப்போன பேட்டரி எல்லாம் சேர்ந்தால் நுழைவுத் தேர்வு டியூஷனுக்குக் கட்டுகிற அளவு வந்தது. ஜெசி வேண்டாம் என்று சொல்லவில்லை. “உன் அப்பா இருந்தா என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. நீயே யோசிச்சு முடிவு பண்ணு” என்றாள். நம்மோடு ஞாயிறுகளில் பறக்கவிட வரும் நாகராஜு, மோட்டார், ரிமோட், மிச்சம் இருக்கிற பேட்டரி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருவதாக ஏற்பாடு.

நான் ரெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். செலவுக்காகவா என்று. “செலவும்தான். ஆனா அது இல்ல தாத்தா. அப்பாவுக்கு இருந்த கை எனக்கு இல்ல. ரைட் கொடுக்கணும்னு நெனச்சு லெஃப்ட் கொடுத்திருக்கேன். அதுகூட எனக்குத் தெரியல” என்றாள். தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், வீட்டில் யாரும் இல்லை. நாகராஜுவுக்குக் கொடுக்குமுன் எது வேலை செய்கிறது என்று குறித்துவைக்கலாம் என எண்ணிப் பேட்டரியை இணைத்தேன். உடைந்த விமானம் சாப்பாட்டு மேஜையில், மூக்கு சுவரைத் தொட்டபடி கிடந்தது. அதனால் வால் பக்கம் மட்டும்தான் நிற்க முடிந்தது. குச்சியை வலது பக்கம் தள்ளினேன். ஒட்டிக்கொண்டிருந்த துண்டில் இடது எய்லரான் எழுந்தது.

மூன்று முறை செய்து பார்த்தேன். ஒரு தாளில் முன்தோற்றம், பின்தோற்றம் இரண்டும் வரைந்தேன். அப்போதுதான் அந்த ஞாயிறு எங்கே நின்றேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் காலை வெயில் கூசியது. வெயில் முதுகில் படட்டும் என்று சுற்றிக்கொண்டு விமானத்தின் முன்னால் போய் நின்றேன். முன்னால் நிற்பவனுக்கு விமானத்தின் இடது பக்கம்தான் வலது பக்கம். என் வலது கைப் பக்கம் எழுந்ததைப் பார்த்து “சரி” என்றிருக்கிறேன். வாழ்நாள் முழுக்க முன்தோற்றமும் பின்தோற்றமும் வரைந்தவன், தானே எழுதிய வரியை வாயால் படித்துக்கொண்டே அதை மீறியிருக்கிறேன்.

ரெனி வலதுதான் கொடுத்திருக்கிறாள். அவள் கை சரியாகத்தான் இருந்தது.

இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுபடி தொடங்குவாள், ஜெசிக்குச் சுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதானா? என்னை இனி வாலைப் பிடிக்கவிட மாட்டாள் என்ற பயமா? நீங்கள் செய்ததை நான் உடைத்தேன் என்று ஜெசிக்குத் தெரிந்துவிடுமே என்றா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இப்போதும் முடியவில்லை.

நாகராஜு வருவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை பிற்பகல், ரெனி சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்க உட்கார்ந்தாள். நான் வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது வரியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். உடைந்த பிளேனுக்கு எதற்கு என்று சிரித்தாள். ஆனாலும் பேட்டரியை இணைத்தாள்.

விமானத்தைச் சுவரிலிருந்து இழுத்துவைத்து அவளை வால் பக்கம் நிற்கச் சொன்னேன். நான் மூக்குப் பக்கம் போனேன். அவள் “வலது” என்றாள். நான் “சரி” என்றேன். பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

“தாத்தா, அன்னிக்கு எங்க நின்னீங்க?”

“இங்கதான்மா.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பன்னெண்டு நாளாச்சு.”

ரிமோட்டை மேஜையில் வைத்தாள். “பன்னெண்டு நாளா என் கையையே பாத்துட்டு இருந்தேன், தாத்தா. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை என்பதல்ல. கதவுக்கு வெளியே நின்று கேட்டால் அவளைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். இது சரியா என்றும் தெரியவில்லை.

ஜெசி வந்ததும் அவளிடமும் சொன்னேன். பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டாள். “அவகிட்ட சொல்லிட்டீங்க இல்ல? சரி, காபி குடிங்க” என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரெனி நோட்டோடு வந்தாள். ‘கைத்தவறு’ என்பதை அடித்துவிட்டு, தன் கோணல் தமிழ் எழுத்தில், ‘இணைப்பை மாத்திப் போட்டது ரெனி, பாக்காதது தாத்தா’ என்று எழுதினாள். புதுப்பெட்டியின் திசையைச் சரிசெய்யாமல் விட்டது தான்தானே, மொத்தத்தையும் தாத்தா எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். பிறகு, அந்த வீடியோ இன்னும் குழுவில் இருக்கிறதே, அதை யார் திருத்துவது என்று கேட்டாள். எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தைரியம் இல்லை. இதழில் எழுதுகிறேன் என்றேன். அதுதான் நான் முன்பு சொன்ன காரணம். போர்வெல் என்று கேட்டவர்கள் இதைப் படிக்கட்டும். ஜல்லியில் துளை போட்டது நான்.

மறுநாள் நாகராஜு வந்தபோது ரெனி ஒரு வாரம் தவணை கேட்டாள். பெட்டியைத் திறந்து மோட்டாரையும் மற்றதையும் எடுத்து, நீங்கள் முதன்முதலில் செய்து பரண்மேல் போட்டுவைத்த ஃபோம் விமானத்தில் மாட்டினாள். வாலில் பழுப்பு டேப் ஒட்டியது, எப்போதும் கொஞ்சம் ஒருபக்கம் இழுக்குமே, அதுதான்.

அடுத்த ஞாயிறு ஒன்பது வரியும் படித்தேன். நான்காவது வரிக்கு வால் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணில் நீர் வழிந்தது வெயிலால்தான். ரெனி வேறு மாதிரிச் சொன்னால் நம்பவேண்டாம். வலதுக்கு வலது, இடதுக்கு இடது. இரண்டு முறை பார்த்துவிட்டு, “சரி” என்றேன்.

ஆறு நிமிஷம் பத்து விநாடி பறந்தது. மூன்று வீடுகளுக்கு மேல் போய், சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி, கடைசியில் தார் ரோட்டில் இரண்டு துள்ளு துள்ளி நின்றது. ரெனி மோட்டாரை அணைத்தாள். கட்டைவிரலைப் பார்க்கவில்லை.

அவள் தொடர்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நேராக நாகராஜுவிடம் போய் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். “ஆய்த்து, முடிஞ்சுது” என்றாள். என்னிடம் திரும்பி, “எனக்குப் பறக்கவிட வரும் தாத்தா. அது தெரிஞ்சா போதும். இப்ப படிக்கணும்” என்றாள். விமானத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது மறுபடி பரணில் இருக்கிறது.

நாகராஜு என்னைக் காட்டி, செட்டோடு தாத்தாவும் வருவாரா என்று கன்னடத்தில் கேட்டார். நான் நோட்டை மூடிக்கொண்டிருந்தேன். ரெனிதான் பதில் சொன்னாள். அவளும் கன்னடத்தில்தான் சொன்னாள், தமிழில் எழுதுகிறேன்: “வருவார். முன்னாடி மட்டும் நிக்க விடாதீங்க.”

போன இரண்டு வாரமாகப் போகிறேன். நாகராஜுவுக்கு அட்டையைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை ரெனி அந்த நேரத்தில் டியூஷனில் இருக்கிறாள்.

மாப்பிள்ளை, உங்களுக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறேன். கண் எவ்வளவு கூசினாலும் வால் பக்கம்தான் நிற்பேன். மறுபடி எப்போது பறக்கவிடப்போகிறாய் என்று ரெனியிடம் ஒருபோதும் கேட்கமாட்டேன். அவளாகவே பரணைப் பார்த்துக் கையைக் காட்டினால், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான் இருப்பேன்.

நீங்கள் பறக்கவிட்டபோதெல்லாம் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த,
உங்கள் மாமா